போகப்போகிறவர்களை வளர்க்கும் கழகம்

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே கடலைப் பார்த்திருக்கும் ஊர் காரைதீவு. அசர் தொழுகை முடிந்து வெயிலும் தணிந்த பிறகு, இந்தக் கரையோரத்தில் ஒரு வெட்டை பந்தில்லாமல் கிடப்பது அரிது. கல்முனைச் சந்தாங்கேணி போன்ற பெரிய மைதானங்களில் சுற்றுப்போட்டிகள் நடக்கும். ஊருக்குள் இருக்கும் சின்ன மைதானங்களில் பாடசாலைப் பையன்களும் கழக வீரர்களும் ஒரே பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள். மருதமுனை, கல்முனை, மாளிகைக்காடு, காரைதீவு என்று ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகங்கள் உண்டு. அங்கத்தவர் சந்தாவிலும், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மார் அனுப்பும் காசிலும், கடைக்காரர் ஒருவர் வாங்கித்தரும் ஜேர்சியிலும் அவை உயிரோடு இருக்கின்றன.

இந்தக் கழகங்களின் ஆதரவாளர்கள் எல்லோருக்கும் ஒரு கணக்கு மனப்பாடம். பதினாறு வயதில் ஒரு பையன் கண்ணில் படுகிறான். பதினெட்டில் முதல் பதினொருவருக்குள் வந்துவிடுகிறான். இருபதில் அவனை நம்பித்தான் அணி மைதானத்தில் இறங்குகிறது. இருபத்திரண்டில் அவன் இல்லை. கட்டாருக்கோ சவூதிக்கோ போயிருப்பான், பல்கலைக்கழகம் கிடைத்திருக்கும், வேலையோடு சேர்த்து ஒரு நிறுவன அணி அழைத்திருக்கும், கொழும்புக் கழகம் ஒன்று கூப்பிட்டிருக்கும். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கை தட்டுகிறவர்கள் ஒரு பையனைப் பாராட்டும்போதே, இவன் எத்தனை நாளைக்கு நிற்பானோ என்றும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறார்கள்.

போகிறவனைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. அவன் வீட்டில் தங்கைமார் இருக்கலாம், கடன் இருக்கலாம். அவன் போவதில் ஊருக்குப் பெருமையும் உண்டு. ஆனால் வருடா வருடம் நல்லவர்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு கழகம் தன்னை எப்படித் தாங்கிக்கொள்வது? அதை நேசிக்கிறவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? கோயம்புத்தூரிலிருந்து எக்குவடோர் வரை பல ஊர்கள் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. அவற்றின் அனுபவம் நம் கரையோரத்துக்கும் உதவும்.

ஏணியின் மேற்படிகள்

இலங்கையின் முதலாவது தொழில்முறை உதைபந்தாட்டத் தொடராக சுப்பர் லீக் 2021இல் நடந்தது. பத்துக் கழகங்கள் ஆடின. கொழும்பு எப்.சி., ரினோன், ரட்னம் ஆகியவை தலைநகரைச் சேர்ந்தவை. களுத்துறையின் புளூ ஸ்டார், பேருவளையின் ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவையின் நியூ யங்ஸ் மூன்றும் மேற்குக் கரையோரத்துக் கழகங்கள். நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் மலையகத்தின் சார்பில் வந்தது. மீதி மூன்றும் படையினரின் அணிகள்: தரைப்படைக்கு டிபெண்டர்ஸ், கடற்படைக்கு சீ ஹோக்ஸ், விமானப்படைக்கு புளூ ஈகிள்ஸ். முதற்கிண்ணத்தை புளூ ஸ்டார் வென்றது.

இந்தப் பத்தில் வடக்கிலிருந்து ஒரு கழகமும் இல்லை, கிழக்கிலிருந்தும் ஒன்றில்லை. யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, கல்முனை என்று பந்தை உயிராகக் கொண்டாடும் இடங்களில் பிறந்த பையன் உச்சத்தில் ஆட விரும்பினால், ஆட்டத்துக்கு முன்பே அவன் ஊரை விட வேண்டும். ஊர்க் கழகம் தன் சொந்தத் திறமையால் ஏறிப்போய் அவனை அங்கே ஆடவைக்கும் வழி திறந்திருக்கவில்லை. பத்தில் மூன்று படையணிகளாக இருந்தது இன்னொரு உண்மையையும் சொல்கிறது. இந்த நாட்டில் உதைபந்தாட்டம் ஒருவனுக்குத் தரக்கூடிய உறுதியான வருமானம் பெரும்பாலும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள ஓர் அரச வேலைதான். ஊர்க் கழகம் எதைக் கொடுத்து அதோடு போட்டி போடும்?

நாட்டுக்குள் கிடைக்காத சம்பளம் கடலுக்கு அப்பால் கிடைக்கிறது. தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய கோல் காப்பாளர் சுஜான் பெரேரா மாலைதீவின் ஈகிள்ஸ் கழகத்துக்காக ஆடியவர். மன்னார் தந்த பின்கள வீரர் டக்சன் பியூஸ்லஸும் அதே வழியில் மாலைதீவுக்குப் போனார். தேசிய அணியில் இடம் பிடித்திருந்த அவர், வலன்சியா கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 2022 பெப்ரவரியில் மாலேயில் காலமானார். அந்தச் செய்தி வந்த நாளில் மன்னாரோடு சேர்ந்து வடக்கும் கிழக்கும் அழுதன. எந்த லீக்கில் ஆடினாலும் அவர் அந்த மண்ணின் பிள்ளையாகவே இருந்தார்.

வீரர்கள் போக, நிர்வாகமும் தள்ளாடியது. 2023 ஜனவரி 21ஆம் திகதி உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா, வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. தடை நீங்க ஓகஸ்ட் மாதக் கடைசி ஆனது. ஏழு மாதங்களுக்கு மேல் இலங்கையின் தேசிய அணியோ கழகமோ சர்வதேசப் போட்டி எதிலும் இறங்க முடியவில்லை. இருபது வயது வீரனுக்கு ஏழு மாதம் என்பது பெரிய காலம்.

கோயம்புத்தூரில் ஒரு பருவம்

தமிழர்கள் அண்மையில் கண்ட மிகப்பெரிய கழக வெற்றியும், அதன் பிறகு வந்த மிக வேகமான கரைதலும் கோயம்புத்தூரில் நடந்தவை. 1946ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றை எண்ணும் சென்னை சிட்டி எப்.சி., 2016–17 பருவத்தில் நேரடி அனுமதி பெற்று இந்தியாவின் ஐ-லீக்குக்குள் நுழைந்தது. முதல் இரண்டு பருவங்களும் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே கழிந்தன. சென்னையில் தொடங்கிய கழகம் இரண்டாம் பருவத்தில் கோயம்புத்தூர் ஜவகர்லால் நேரு அரங்கத்தைத் தன் சொந்த மைதானமாக்கிக்கொண்டது.

தடுமாறிய அந்தக் காலத்திலேயே கழகம் நல்லவர்களை இழக்கத் தொடங்கிவிட்டது. சென்னையில் வளர்ந்த நந்தகுமார் சேகர் ஒரு பருவம் ஆடிவிட்டு டெல்லி டைனமோஸுக்குப் போனார். கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கல் சூசைராஜ், நடுக்களத்தில் இந்தியாவே திரும்பிப் பார்க்கும்படி ஆடினார். 2018இல் ஜம்ஷெட்பூர் எப்.சி. அவரை அழைத்துக்கொண்டது. அடுத்த வருடம் அவர் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் இருந்தார். 2019–20இல் அந்த அணி இந்தியன் சுப்பர் லீக்கை வென்றது.

சூசைராஜ் போன பருவத்தில்தான் சென்னை சிட்டி யாரும் எதிர்பாராத உயரத்துக்கு ஏறியது. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்றுநர் அக்பர் நவாஸ், ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்த சிலரைக் கொண்டுவந்து தமிழ்நாட்டு இளைஞர்களோடு கலந்தார். உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். நெஸ்டர் கோர்டில்லோ பந்தைக் கொண்டுபோன விதத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். எட்வின் சிட்னி வன்ஸ்போல், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அவர்களுக்கு ஈடாக நின்றார்கள்.

2019 மார்ச் 9, கடைசி நாள். கிண்ணம் வேண்டுமானால் மினர்வா பஞ்சாப்பை வெல்ல வேண்டும். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் தன் வாய்ப்புக்காக ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் மினர்வா ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு தண்ட உதையால் மான்சி சமன் செய்தார். பின்கள வீரர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3–1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. நூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த கொல்கத்தா ஜாம்பவானைக் கோயம்புத்தூர் ஒரு புள்ளியால் தாண்டியது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அந்த வருடம் சென்னை சிட்டியின் 26 வீதப் பங்கை வாங்கியிருந்தது. எதிர்காலம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது.

பின் நடந்ததைப் பெயர் பெயராகச் சொல்லலாம். கோர்டில்லோ ஒப்பந்தத் தகராறு ஒன்றுக்குப் பிறகு ஹைதராபாத் எப்.சி.க்குப் போனார். எட்வின் சென்னையின் எப்.சி. என்ற வேறொரு கழகத்தில் சேர்ந்தார். மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் பறந்தார். ரொமாரியோ எப்.சி. கோவாவுக்குப் போனார். கிண்ணம் வென்று இரண்டு வருடங்களுக்குள் அந்தப் பதினொருவர் என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. தொற்றுக் காலத்தில் மேற்கு வங்கத்தில் நடந்த 2020–21 பருவம் கழகத்தின் கடைசி ஐ-லீக் பருவமாயிற்று. 2021–22 பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

வீரர்கள் போனதால் கழகம் கரைந்தது என்று இதைச் சுருக்கிவிடுவது எளிது. உண்மை அதைவிடக் கடினமானது. ஐ-லீக்கை வென்ற கழகத்துக்கு அன்று மேலே போக வழி இல்லை. 2019–20இலிருந்து இந்தியன் சுப்பர் லீக்கே நாட்டின் முதல்நிலைத் தொடரானது. ஐ-லீக் வெற்றியாளர் அதற்கு ஏறும் வாய்ப்பு 2022–23 பருவத்திலிருந்துதான் என்று 2019 ஒக்டோபரில் தீர்மானமானது. கழகம் ஏற முடியாது, வீரன் ஏற முடியும். அப்படியான அமைப்பில் இருபத்தைந்து வயது வீரனுக்கு நல்ல புத்தி சொல்கிற யாரும் போ என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு குறையும் இருந்தது. வெற்றியின் பெரும்பகுதி வெளியில் முதிர்ந்து வந்த வீரர்களால் ஆனது. அவர்கள் போனபோது அவர்களுக்குக் கீழே, பன்னிரண்டிலும் பதினைந்திலும், அடுத்த வரிசை ஆழமாக ஊன்றியிருக்கவில்லை. மேலே ஏணி இல்லை, கீழே நாற்றுமேடை இல்லை. நடுவில் ஒரு பொன்னான பருவம் மட்டும் இருந்தது.

இழந்தும் நின்றவர்கள்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள துறைமுக நகரம் சவுத்தாம்டன். அதன் கழகம் வளர்த்த தியோ வோல்கொட் 2006இல் ஆர்சனலுக்கும், கரத் பேல் 2007இல் டொட்டன்ஹாமுக்கும் போனார்கள். 2009இல் கழகம் கடனில் மூழ்கி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. அந்த இருட்டிலும் இளையோர் பயிற்சிக்கூடத்தை அது கைவிடவில்லை. 2012இல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது.

2014 கோடையில் அந்த ஆதரவாளர்களுக்கு வந்த சோதனையை நினைத்துப் பார்க்கலாம். லல்லானா, லம்பேர்ட், லொவ்ரென் மூவரும் லிவர்பூலுக்கு. லூக் ஷோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. சேம்பர்ஸ் ஆர்சனலுக்கு. பயிற்றுநர் பொச்செட்டினோ டொட்டன்ஹாமுக்கு. கழகம் இறங்கிவிடும் என்றே பலரும் எழுதினார்கள். அந்தப் பருவத்தை அது ஏழாம் இடத்தில் முடித்தது. அடுத்ததை ஆறாம் இடத்தில். 2018 ஜனவரியில் வேர்ஜில் வான் டைக்கை 7.5 கோடி பவுண்ஸுக்கு லிவர்பூலுக்குக் கொடுத்தது.

விற்பதற்கு முன்பே அடுத்தவரைத் தேடி வைத்திருந்ததுதான் அந்த வருடங்களின் பலம். அந்தத் தேடல் பிசகிய வருடங்களில், விற்ற காசு இருந்தும் அணி இல்லாமல் போனது. 2022–23இல் கடைசி இடத்தில் முடித்துக் கீழிறங்கியது. ஆகவே விற்பனை தானாக எவரையும் காப்பாற்றுவதில்லை. போனவனின் இடத்துக்கு யார் என்ற கேள்வியை ஒரு வருடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்த கழகம் நின்றது, கேட்க மறந்தபோது விழுந்தது.

எக்குவடோர் நாட்டின் தலைநகர் கீட்டோவுக்கு அருகில் உள்ள சிறு நகரம் சங்கோல்கி. 1958இல் தொடங்கிய இந்திபெந்தியென்தே தெல் வாயே என்ற கழகம் அதற்குரியது. நெடுங்காலம் கீழ்ப் பிரிவுகளில் கிடந்த அது, 2007இல் புதிய நிர்வாகத்தின் கீழ் ஒரு முடிவெடுத்தது: நாடு முழுவதிலும் இருந்து ஏழைப் பிள்ளைகளைத் தேடி, தங்கவைத்து, பள்ளிப்படிப்போடு பந்தும் கற்றுக்கொடுப்பது. 2016இல் தென்னமெரிக்காவின் மிகப்பெரிய கழகக் கிண்ணமான லிபர்ட்டடோரஸின் இறுதியாட்டம் வரை போனது. 2019இலும் 2022இலும் சுடமெரிக்கானா கிண்ணத்தை வென்றது. மொய்செஸ் கைசெடோ, பியெரோ இன்காப்பியே, வில்லியன் பாச்சோ ஆகியோர் அங்கே வளர்ந்து ஐரோப்பாவுக்குப் போனவர்கள். 2023இல் பிரைட்டன் கழகத்திலிருந்து செல்சி கைசெடோவை வாங்கியபோது விலை பத்துக் கோடி பவுண்ஸ்.

சங்கோல்கியில் ஒருவன் போவது இழப்பாகப் பேசப்படுவதில்லை. போகப்போகிறவர்களை வளர்ப்பதுதான் தன் தொழில் என்று கழகம் முதல் நாளே சொல்லிவிட்டது. ஆதரவாளனும் அதைத் தெரிந்துகொண்டே பதினேழு வயதுப் பையனின் முதல் ஆட்டத்தைப் பார்க்க வருகிறான்.

பருவக் கணக்கு

இந்த இடத்தில் நம் கரையோரக் கழகங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு விதி வருகிறது. ஒரு வீரன் நாடு விட்டு நாடு மாறும்போது, அவனை வாங்கும் கழகம் கொடுக்கும் மாற்றுத்தொகையில் 5 வீதம் அவனைச் சிறுவயதில் வளர்த்த கழகங்களுக்குப் போக வேண்டும். ஒருமைப்பாட்டுப் பங்கு என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டை 2001இல் பீபா கொண்டுவந்தது. வீரனுக்கு 12 வயது ஆகும் பருவத்திலிருந்து 15 வயதுப் பருவம் வரை, பருவத்துக்கு 0.25 வீதம். 16இலிருந்து 23 வரை, பருவத்துக்கு 0.5 வீதம். எல்லாம் கூட்டினால் 5.

பத்து இலட்சம் டொலருக்கு ஒருவன் விற்கப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 12 முதல் 15 வயது வரை நான்கு பருவங்கள் அவனை வைத்திருந்த கிராமக் கழகத்துக்கு 10,000 டொலர் உரியது. 19 வயதுப் பருவம் வரை வைத்திருந்தால் 30,000. ஒரு முறை விற்றால் ஒரு முறை மட்டும் கிடைப்பதல்ல இது. ஒப்பந்தக் காலத்துக்குள் அவன் நாடு விட்டு நாடு விலைபோகும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பங்கு உண்டு. 2013இல் கரத் பேல் டொட்டன்ஹாமிலிருந்து ரியல் மட்ரிட்டுக்கு அன்றைய உலகச் சாதனை விலையில் போனபோது, ஆறு வருடங்களுக்கு முன் அவரை இழந்த சவுத்தாம்டனும் இந்த விதிப்படி பங்குக்கு உரியதானது.

இதற்குத் துணையாகப் பயிற்சி இழப்பீடு என்று இன்னொன்றும் இருக்கிறது. ஒருவன் முதன்முதலில் தொழில்முறை வீரனாக வேறொரு நாட்டில் பதியும்போதும், 23 வயதுக்குள் நாடு மாறும்போதும், 12 முதல் 21 வயது வரை அவனைப் பயிற்றிய பருவங்களுக்காக இது கொடுக்கப்படுகிறது. கழகங்கள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவன் போய்ச் சேரும் கழகம் கடைசித் தரத்தில் இருந்தால் இழப்பீடு இல்லை.

2022 நவம்பரிலிருந்து பாரிஸில் உள்ள பீபாவின் தீர்வகம் இந்தக் கொடுப்பனவுகளைக் கையாள்கிறது. வீரனின் வரலாறு ஓர் இலத்திரனியல் கடவுச்சீட்டாகத் தொகுக்கப்படுகிறது: எந்த வயதில், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்தக் கழகத்தில். அந்தத் தகவல் வருவது அந்தந்த நாட்டுச் சம்மேளனத்தின் பதிவுகளிலிருந்து. பதிவில் இல்லாத பருவம் ஆடப்படாத பருவம் என்றே கணக்காகும்.

எல்லை தெரியாமல் இதை நம்பிவிடவும் கூடாது. வளர்த்த கழகமும் அதே நாட்டைச் சேர்ந்ததென்றால், நாட்டுக்குள்ளேயே நடக்கும் மாற்றங்களுக்கு இந்த 5 வீதம் இல்லை. சூசைராஜ் கோயம்புத்தூரிலிருந்து ஜம்ஷெட்பூருக்கும் அங்கிருந்து கொல்கத்தாவுக்கும் போனது இந்தியாவுக்குள் நடந்த பயணம். நாட்டுக்குள் நடக்கும் மாற்றங்களில் இளைஞரை வளர்த்த கழகங்களுக்கு வெகுமதி தரும் ஏற்பாட்டை ஒவ்வொரு தேசியச் சம்மேளனமும் செய்ய வேண்டும் என்று பீபாவின் விதி சொல்கிறது. காரைதீவுப் பையன் கொழும்புக் கழகத்துக்குப் போகும்போது அவனை வளர்த்த கழகத்துக்கு என்ன வரும் என்று கேட்க அந்த வரி இடம் தருகிறது. ஒப்பந்தம் முடிந்து சும்மா போகிறவனுக்கு மாற்றுத்தொகையே கிடையாது. பூச்சியத்தில் 5 வீதமும் பூச்சியம்தான். மாலைதீவுக்குப் போகும் பலருடைய நிலை இதுவே. ஆகவே ஓர் ஊர்க் கழகம் இந்தக் காசை நம்பித் திட்டம் போட முடியாது. ஆனால் எங்கோ ஒருவன் உண்மையிலேயே மேலே போகும் நாளில், அவனைத் தொடக்கத்தில் கொண்டுவந்தவர்கள் நாங்கள் என்று காட்ட ஒரு தாளாவது கையில் இருக்க வேண்டும்.

மைதானத்து ஓரம்

பதிவு என்றால் நிர்வாகிகளின் வேலை என்று ஆதரவாளர் ஒதுங்கிவிடுவது வழக்கம். ஊர்க் கழகங்களில் நிர்வாகியும் ஆதரவாளரும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். கொடி கட்டுகிறவரே கணக்கும் எழுதுகிறார். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தபோது இந்தக் கரையின் எத்தனையோ வீடுகளோடு பிறப்புப் பத்திரங்களும் பாடசாலைச் சான்றிதழ்களும் கொப்பிகளும் போயின. தாள் தொலைந்தால் என்னவெல்லாம் தொலையும் என்று இந்த மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பையனின் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த திகதி, ஆடிய பருவங்கள், லீக்கில் பதிந்த இலக்கம். இதற்கு ஒரு கொப்பியும் பொறுப்பான ஒருவரும் போதும். அதற்கு அடுத்தது போனவரோடு தொடர்பு. வளைகுடாவில் பத்து வருடம் உழைத்துவிட்டு முப்பத்தைந்து வயதில் ஊர் திரும்பும் முன்னாள் வீரனுக்குக் கழகத்தில் ஒரு வேலை காத்திருக்க வேண்டும். ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ‘சி’ தரப் பயிற்றுநர் உரிமத்துக்கு அவரை அனுப்பச் செலவாகும் காசு, ஒரு சுற்றுப்போட்டிக்கு வெளியூர் வீரர்களைக் கூலிக்கு இறக்கும் காசை விடக் கழகத்துக்கு அதிக காலம் உழைக்கும்.

தன் பிள்ளையை அனுப்பி வைப்பது காரைதீவுக்குப் புதிதல்ல. 1892இல் இங்கே மயில்வாகனனாகப் பிறந்தவர் கொழும்புக்குப் போனார், யாழ்ப்பாணத்துக்குப் போனார், சென்னையில் துறவு பூண்டு விபுலானந்தராகத் திரும்பினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரத்துக்குப் போனார். ஊர் அவரை இழந்ததாக யாரும் எழுதியதில்லை. போன காலங்களுக்கு நடுவே அவர் கிழக்கில் கல்வியை வளர்த்தார். கல்லடியில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. எங்கே இருந்தாலும் அவர் காரைதீவார் என்பதற்குப் பதிவு இருந்தது, அதை ஊர் ஒருபோதும் கைவிடவில்லை.

வீரர்களுக்கும் அதே உரிமையைக் கொடுக்கலாம். 2023 ஓகஸ்ட் 12இல் டுராண்ட் கிண்ணத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர். அதே ஈஸ்ட் பெங்காலை ஒரு புள்ளியால் பின்தள்ளிக் கிண்ணம் வென்ற கழகத்தில்தான், அந்த வெற்றிக்கு இரண்டு பருவங்களுக்கு முன் அவர் ஐ-லீக் ஆடியிருந்தார். கொல்கத்தா அன்று அவர் பெயரைச் சொல்லிக் கூவியபோது, அவரை முதலில் பார்த்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். ஆனால் அந்த மகிழ்ச்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்களுடைய கழகம் ஐ-லீக்கில் இல்லை.

இந்தப் பருவத்தில் 12 வயதைத் தொடும் பையன்கள் இப்போதும் மாளிகைக்காட்டிலும் காரைதீவிலும் மாலை வெயிலில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இன்னும் பூட்ஸ் இல்லை. யாரோ அண்ணன் ஒருவர் ஓரத்தில் நின்று, பந்தைக் காலின் உட்புறத்தால் எடுக்கச் சொல்லிக் கத்துகிறார். அவர்களுடைய முதல் கால் வீதம் தொடங்கும் பருவம் இது. இருட்டுவதற்குள் அந்தப் பெயர்களை அவர் எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும்.